பேர் போன ஆஸ்பத்திரி

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று வெளியூர் வாசகருக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். சொன்ன கிலோவைப் பிடித்தால் முழுப் பேர், பிடிக்காவிட்டால் அரைப் பேர், போகாவிட்டால் பேர் இல்லை. 2024 செப்டெம்பர் வர்த்தமானி ஒரு முழுப் பேருக்கு எழுதிய அடிப்படைக் கூலி 1350 ரூபாய்.

ஆக, தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டு பேர் உண்டு. ஒன்று பிறந்தபோது வைத்தது, மற்றது ஒவ்வொரு நாளும் மலையேறிச் சம்பாதிப்பது. முதலாவதை ஆஸ்பத்திரியில் யாரும் ஒழுங்காகக் கூப்பிடுவதில்லை. இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் விழுவதில்லை. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியை நான் பேர் போன ஆஸ்பத்திரி என்று சொல்வது இந்த அர்த்தத்தில்தான். நிர்வாகத்தினர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ஊவாவில் இருக்கிறது. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். வாசலில் சாய்தளம் ஒன்று இருக்கிறது, அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன.

அந்தச் சாய்தளத்தை இளக்காரமாகப் பேசக்கூடாது, அதற்கும் ஒரு வீர வரலாறு உண்டு. மாற்றுத்திறனாளிகள் நுழையக்கூடியவையாகப் பொதுக் கட்டடங்கள் இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது. ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம். மூன்று வருடம் என்றால் நம் நாட்டில் எவ்வளவு காலம் என்பது இதற்காகப் போராடிய அஜித் பெரேராவுக்குத் தெரிந்திருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே உயர் நீதிமன்றம் போனார், 2011இல் தீர்ப்பு வாங்கினார். அப்புறம்தான் சீமெந்து குழைத்தார்கள். குழைத்ததோடு 'அணுகுவசதி' என்ற சொல்லுக்கு நம் அலுவலகங்களில் அர்த்தமும் இறுகிவிட்டது: அணுகுவசதி என்றால் சாய்தளம். நடக்க முடியாதவருக்குச் சாய்தளம் இருக்கிறது. நடக்கவும் ஓடவும் முடிகிற, ஆனால் அந்த வாசலைத் தாண்ட முடியாத பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் உத்தியோகத்தர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். கால் நன்றாகத்தானே இருக்கிறது?

நான் ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். மடுல்சீமைப் பக்கத்து லயம் ஒன்றில் இருந்து ஒரு தாயையும் அவளுடைய ஆறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு கிளினிக் போவது என் ஓய்வூதிய காலத்துத் தொழில். வீட்டில் அவனைக் 'குட்டி' என்பார்கள். குட்டிக்குப் பேச்சு வரவில்லை. பால்மா டின் மூடி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அதைத் தரையில் சுழற்றிவிட்டு, அது தள்ளாடி விழும்வரை இமைகொட்டாமல் பார்ப்பான். உலகத்தில் இதைவிட ஒழுங்கான காரியம் வேறு இல்லை என்பது அவன் கட்சி. நான் நாற்பது வருடம் கல்வித் திணைக்களத்தில் இருந்தவன், அவன் சொல்வதுதான் சரி.

விடிவதற்கு முன் பஸ். ஆறரைக்கு வரிசை. நம்பர் துண்டு. பிறகு அந்த மண்டபம்: விட்டு விட்டு மினுங்கும் டியூப் லைட், கடகடக்கும் மின்விசிறி, டெட்டோல் வாசனை, அழுகிற கைக்குழந்தைகள், இடித்துக்கொண்டு முன்னேறும் முழங்கைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒலிபெருக்கி. நமக்கு இது தலைவலி. குட்டிக்கு ஒவ்வொரு ஓசையும் தனித்தனியாக, ஒரே அளவு உரப்பாக, ஒரே நேரத்தில் வந்து அறைகிறது. அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். மூடி உருண்டு போய் ஒருவர் காலடியில் கிடந்தது. அவர் அதை எட்டி உதைத்தார். அவ்வளவுதான். அவன் போட்ட கூச்சலில் மண்டபம் முழுவதும் அமைதியானது. அந்தக் காலையில் அங்கே நிலவிய ஒரே அமைதி அது.

"புள்ளைய அடக்கத் தெரியாதா?" என்று ஒரு கிழவி கேட்டார். தமிழில் கேட்டார் என்பதால் குட்டியின் தாய்க்கு உடனே புரிந்தது. அன்றைய தினம் அவளுக்கு முழுமையாகப் புரிந்த முதல் வாக்கியம்.

பிறகு மிஸி கூப்பிட்டார்: "செலமுத்து!"

செல்லமுத்து என்பது குட்டியின் அப்பா. நம் வழக்கத்தில் தகப்பன் பேர் முன்னால் வரும், அட்டையில் முன்னால் இருப்பதைத்தான் அவர்கள் கூப்பிடுவார்கள். அதுவும் சிங்களத்தில் எழுதி, ஓர் எழுத்து குறைந்து, ஒலிபெருக்கியில் நசுங்கி வரும்போது அது ஆளின் பேரா, மாத்திரையின் பேரா என்று சொல்ல முடியாது. யாரும் எழும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் இல்லை. நம்பர் போய்விட்டது.

கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி ஆளாக உள்ளே போனோம். டொக்டர் நல்ல மனுசன், அதையும் சொல்ல வேண்டும். காலையில் இருந்து பார்த்த கூட்டத்தில் கண் சிவந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்குச் சிங்களம் சந்தை அளவுக்குத்தான். நானும் வெங்காயம் வாங்கும் சிங்களக்காரன்தான். இடையில் மொழிபெயர்த்தவர் தரை துடைக்கும் பையன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, ஒப்பந்தக் கூலி. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. அந்த 'உம்' இருக்கிறதே, முப்பத்தெட்டு வருடத்துக்கு மேலாக அதைத் துடைப்பத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிவது இந்தப் பையன்கள்தான். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் வர்த்தமானிப்படி இருமொழிப் பிரிவுகள். வர்த்தமானிக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருவேளை தமிழில் கவனிப்பார்கள்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா?"

கேள்வி சரியானது. ஆட்டிசத்தைச் சின்ன வயதிலேயே அடையாளம் காண உலகம் முழுவதும் கேட்கும் கேள்விகளில் அது ஒன்று. அவரே கூப்பிட்டுப் பார்த்தார். அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டார். தகப்பன் பேரைச் சொல்லி. குட்டி திரும்பவில்லை. டொக்டர் எழுதிக்கொண்டார். தரை துடைக்கும் பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஒரு மொழியும் தேவைப்படவில்லை.

கடைசியில் டொக்டர் சொன்னார்: "லபன சதியே என்ன."

சிங்களத்தில் அதற்கு 'அடுத்த கிழமை வாருங்கள்' என்று அர்த்தம். அவள் காதில் விழுந்த ஒரே தமிழ்ச் சொல் கடைசிச் சொல். என்ன? அதைக் கேட்கத்தான் அவளும் வந்திருந்தாள்.

இப்படியே நாலைந்து கிழமைகள். இதற்கிடையில் குட்டி தலையைச் சுவரில் முட்டத் தொடங்கினான். முதலில் எப்போதாவது, பிறகு இரவெல்லாம். லயத்துச் சுவர், அடுத்த காம்பராக்காரர் எழுந்து திட்டும் சுவர். கொண்டுபோய்க் காட்டினோம். "அது இந்தப் பிள்ளைகள் செய்வதுதான்" என்றார்கள். மறுபடியும் காட்டினோம். அதே பதில், கூடவே தூங்குவதற்கு ஒரு மருந்து. மூன்றாம் கிழமை, தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்ந்துபோன பெரியவர் ஒருவர் லயத்துக்கு வந்தார். குட்டியைப் பிடித்து அமுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மூடியை அவனோடு சேர்ந்து அரைமணி நேரம் சுழற்றினார். பிறகு டோர்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தார். சீழ்.

மூன்று கிழமை காதுக்குள் சீழோடு ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் கத்தியிருக்கிறது. அந்த மொழிக்கு நாம் வைத்த பேர் 'நோயின் சுபாவம்'. காது, பல், வயிறு எல்லாம் நோயில்லாத பிள்ளைகளுக்கு மட்டுமே வலிக்கும் என்பது மருத்துவத்தில் எந்தப் பாடத்தில் வருகிறது?

வெளிநாட்டிலும் இதே கதைதான் என்று சொல்வார்கள். உண்மைதான், சொல்கிறேன். சுவீடனில் 2016இல் வெளியான ஆய்வு ஆட்டிசம் உள்ளவர்கள் சராசரியாக 54 வயதில் இறந்ததைக் காட்டியது, மற்றவர்கள் 70இல். பனியும் பணமும் நிறைந்த சுவீடனில். அதே 2016இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒலிவர் மக்கவன் என்ற ஆட்டிசம் உள்ள பதினெட்டு வயதுப் பையன், ஒரு மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனும் பெற்றோரும் சொல்லச் சொல்லக் கேட்காமல் கொடுத்த அந்த மருந்துக்குப் பிறகு இறந்தான். அவனுடைய தாய் விடவில்லை. 2022இல் அந்த நாட்டுச் சட்டமே மாறியது: பதிவுபெற்ற சுகாதார நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் ஆட்டிசம் பற்றிய பயிற்சி பெற்றாக வேண்டும், அந்தப் பயிற்சிக்கு அவனுடைய பேர். அங்கே செத்த பிறகாவது பேர் சரியாக எழுதப்படுகிறது. ஒரு தாய் சட்டத்தை மாற்றலாம் என்ற செய்தி மடுல்சீமைக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் அன்றைக்கும் அவளுக்குப் பேர் விழாது.

நம் நாட்டில் அறிவுக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 சிறு பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று கண்டது. அமெரிக்கக் கேள்வித்தாளை இங்கே நீட்டினால் நாலில் ஒரு பிள்ளையைத்தான் அது பிடிக்கிறது என்பதையும் கண்டது. நம் தாய்மார் சொல்லும் விதம் வேறு, கேள்வி கேட்கும் விதம் வேறு. அதற்காகப் படங்களைக் காட்டித் தாயிடம் கேட்கும் ஒரு முறையை அவர்களே உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். எழுத்து வாசிக்கத் தேவையில்லை, படத்தைக் காட்டினால் தாய் சொல்லிவிடுவாள். தோட்டத்துக்கென்றே செய்ததுபோன்ற பொருள்! ஆனால் அந்த முதல் ஆய்வு நடந்தது அரைநகர்ப்புறம் ஒன்றில். படங்கள் மலையேறியதை நான் பார்க்கவில்லை. கிளினிக்கில் நான் பார்த்த படம் ஒன்றே ஒன்று, அமைச்சருடையது.

படம் இல்லாத குறையை ஆலோசனையால் நிரப்புகிறார்கள். முதல் ஆலோசனை: "பிள்ளைக்குப் போன் கொடுக்காதீர்கள்." குட்டியின் வீட்டில் இருப்பது பொத்தான் போன், அதில் மூன்று பொத்தான் வேலை செய்யாது. இரண்டாவது: "தாய் பிள்ளையோடு நேரம் செலவழிக்க வேண்டும்." பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறாளாம், அதுதான் காரணமாம். தாயின் அன்புக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே எழுதினார், பிறகு அந்தக் கருத்தை அங்கேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். எங்களுக்குத் தபால் தாமதமாக வரும், இப்போதுதான் வந்திருக்கிறது. மூன்றாவது ஆலோசனைதான் மணிமகுடம்: பேச்சுச் சிகிச்சை. கிடைத்தால் சிங்களத்தில் கிடைக்கும். அதனால் வீட்டிலும் சிங்களம் பேசிப் பழகுங்கள் என்றார் ஒருவர். இதுவரை தமிழில் மட்டும் பேசாமல் இருந்த பிள்ளை, இனி இரண்டு மொழியில் பேசாமல் இருக்கலாம்.

பெரிய இடத்துக்குப் போங்கள் என்பார்கள். ராகமையில் அயட்டி நிலையம் இருக்கிறது, கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. இருக்கட்டும், நல்ல இடங்கள். பதுளையில் இருந்து கோட்டைக்கு ரயிலில் ஏறக்குறைய பத்து மணி நேரம். ஒன்பது வளைவுப் பாலத்தில் வெள்ளைக்காரர்கள் கையாட்டுவார்கள். அந்த ரயிலை உலகத்தின் அழகான பயணங்களில் ஒன்று என்கிறார்கள். சுரங்கத்துக்கு ஒருமுறை ரயில் கூவும்போதெல்லாம் காதைப் பொத்திக் கதறும் பிள்ளையோடு, மூன்றாம் வகுப்பில், நின்றுகொண்டு போய்ப் பார்த்தவர் யாரும் பயணக்கட்டுரை எழுதியதாகத் தெரியவில்லை. போக வர மூன்று நாள். மூன்று பேர் போச்சு. கங்காணி முகம் சுளித்தால் நாலாவதும்.

சரி, யார்தான் இந்தப் பிள்ளைகளுக்கு அணுகக்கூடியவர்? இருக்கிறார். எங்கள் தோட்டத்துப் பூசாரி. வேலை முடிந்து ஆறு மணிக்குப் போகலாம், பேர் போகாது. வரிசை இல்லை. தமிழ் பேசுவார். பிள்ளையின் பேரைக் கேட்பார், அப்பன் பேரை அல்ல. இருட்டில் ஒரே ஒரு விளக்கு, டியூப் லைட் இல்லை. பொறுமையாகக் கதை கேட்பார், குறுக்கே "அடுத்த ஆள்" என்று சொல்ல மாட்டார். கடைசியில் ரோதைமுனிச் சாமிக்குக் கோபம் என்று சொல்லி ஒரு தாயத்தைக் கட்டி ஒரு சேவலைக் கேட்பார், அது வேறு விஷயம். சிகிச்சை பொய், வரவேற்பு உண்மை. ஆஸ்பத்திரியில் சிகிச்சை உண்மையாக இருக்கக்கூடும், அதுவரைக்கும் போய்ச் சேர வேண்டுமே. மூடநம்பிக்கையில் மூழ்கிய மக்கள் என்று எங்களைப் பற்றி அறிக்கை எழுதும் கனவான்கள் பூசாரியிடம் ஒரு கிழமை பயிற்சிக்கு வரலாம். சேவல் நான் தருகிறேன்.

ஏப்ரல் 2 உலக ஆட்டிச தினம். 2008இல் இருந்து கொண்டாடுகிறார்கள். கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுவார்கள். ஒருமுறை என்னையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடைப் பதாகையில் மும்மொழி. தமிழில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். 'விழிப்புணர்வு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விழிப்புணவு' என்று இருந்தது. ரொம்ப நேர்மையான பிழை. உரைகள் இரண்டு மொழியில் நடந்தன, சாப்பாடு மும்மொழிக்கும் பொதுவாக இருந்தது. குட்டியைப் போன்ற ஒரு பிள்ளையை மேடையேற்றிப் பரிசு கொடுத்தார்கள். ஒலிபெருக்கி வீறிட்டபோது அவன் ஓடிப்போய் மேசைக்கடியில் ஒளிந்தான். எல்லாரும் கைதட்டினார்கள், இன்னும் சத்தமாக.

கூட்டத்தில் ஒரு பகிடிக்காரர் என் காதில் சொன்னார்: "சேர், கண்ணைப் பார்த்துப் பேசாது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும், பழக்கத்தை மாற்றினால் குழம்பிப்போகும். இந்த அரசாங்கத்துக்குத்தான் ஆட்டிசம்." சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தப் பகிடியில் எனக்குச் சம்மதம் இல்லை. குட்டி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதில் காரணம் இருக்கிறது. அவன் இதுவரை யாரையும் அடுத்த கிழமை வரச் சொன்னதில்லை.

சட்டத்துக்கும் குறைவில்லை, அலுமாரி நிறைய இருக்கிறது. 1912இல் வெள்ளைக்காரன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று போட்டான், சுகமில்லாத தொழிலாளியைக் கவனிப்பது துரையின் கடமை என்றான். கருணையில்லை, கை ஓய்ந்தால் கொழுந்து ஓயும் என்ற கணக்கு. 1948இல் சுதந்திர நாடு முதல் வேலையாக எங்கள் பேரைப் பிரஜைகள் கணக்கில் இருந்து வெட்டியது. 1996இல் வலது குறைந்தோர் உரிமைச் சட்டம் வந்தது, ஆட்டிசம் என்ற சொல் அதன் வரைவிலக்கணத்தில் இல்லை. இந்தியா 1999இலேயே சட்டத்தில் அந்தப் பேரை எழுதிவிட்டது. 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்துக்கு ஒப்புதல் கொடுத்தோம், சுகாதாரத்தில் பாகுபாடு கூடாது என்று அதில் ஒரு முழு உறுப்புரையே உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் உழைக்கிற கைக்காவது மருந்து. உழைக்கப்போவதில்லை என்று முடிவுகட்டப்பட்ட பிள்ளைக்கு எந்தத் துரை வருவான்?

ஆகவே அரசாங்கத்துக்கு என் பணிவான யோசனை. ஆஸ்பத்திரியை இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றுவது கடினம் என்று எனக்குப் புரிகிறது. கிளினிக் நாளில் முதல் நம்பரை அவர்களுக்குக் கொடுப்பது என்றால் பிரளயம் வந்துவிடும். ஒரு மூலையில் லைட்டை அணைத்து இரண்டு கதிரை போட்டால் தேசியப் பாதுகாப்புக்குப் பங்கம். ஊசி எப்படிப் போடுவார்கள் என்று நாலு படம் ஒட்டுவதற்கு அமைச்சரவைப் பத்திரம் வேண்டும். தாயிடம் "எதற்குப் பயப்படுவான்?" என்று ஒரு கேள்வி கேட்டுக் கொப்பியில் எழுதிவைக்க உலக வங்கிக் கடன் வேண்டும். வேண்டாம், நாடு ஏற்கெனவே கடனில் இருக்கிறது.

பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்ப மாற்றிவிடுவோம். ஒவ்வொரு லயத்துக் காம்பராவிலும் அரசாங்கச் செலவில் மினுங்குகிற டியூப் லைட் ஒன்று பொருத்த வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் தினமும் நாற்பது பேரை ஏற்றி முழங்கையால் இடிக்கவைக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் வந்து ஒலிபெருக்கியில் பிள்ளையின் தகப்பன் பேரைத் தப்பாகக் கூப்பிட வேண்டும். திரும்பாத பிள்ளைக்கு அடுத்த கிழமை. டின் மூடிகளை உதைப்பதற்குப் பயிற்சி பெற்ற ஆள் தேவைப்படும், அந்தப் பதவிக்காவது எங்கள் பொடியன்களை எடுங்கள். நெரிசல், கூச்சல், கூரை ஒழுக்கு எல்லாம் லயத்தில் எங்கள் முப்பாட்டன் காலத்தில் இருந்தே இருப்பதால் பாதி ஒத்திகை முடிந்துவிட்டது. மிச்சத்துக்குச் செலவு அதிகம் வராது.

போன கிழமையும் போனோம். டொக்டர் மாறிவிட்டார், புதியவர் வந்து பொறுப்பேற்கவில்லை. ஜன்னலில் இருந்தவர் நிமிராமலே சொன்னார், அதே மூன்று சொல். அவள் இப்போது அதைத் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

பஸ் நிலையத்துக்கு வந்தோம். வெயில். குட்டி என் கையை உதறிவிட்டு ஒரு தூணடியில் குந்தி மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். எங்கள் பஸ் பின்னால் வந்து நின்றது. கொண்டக்டர் தொங்கிக்கொண்டு கத்தினார்: "பசறை, பசறை, மடுல்சீமை!"

மூடி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அது விழும்வரை எதற்கும் அசையாதவன் தலையைத் திருப்பினான். எழுந்தான். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் போய் வழக்கமான ஜன்னலோரத்தில் ஏறி உட்கார்ந்தான். மூடியை நான்தான் பொறுக்கினேன்.

"பாத்தீங்களா சேர்? கூப்பிட்டதும் திரும்புனான். இத டொக்டர்கிட்ட சொல்லணும் சேர்." முகமெல்லாம் சிரிப்பு. உடனே ஞாபகம் வந்தவளாய்க் கேட்டாள்: "மணி என்ன சேர்? இப்ப போனா அரைப் பேராவது போடுவாங்களா?"

கையைப் பார்த்தேன். ஒன்று இருபது. பஸ் இன்னும் புறப்படவில்லை.